நூலக வரியில் மலையின் பங்கு

(தேசிய நூலக வாரத்தையொட்டிக் குன்னூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குன்னூர் நகராட்சியிலோ உதகை நகராட்சியிலோ சொத்து வரி கட்டுகிறவர் யாராக இருந்தாலும், அதோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறார். ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆயிரம் ரூபாய் சொத்து வரி என்றால் நூறு ரூபாய் நூலகத்துக்கு. ஊராட்சிகளில் வீட்டு வரியின் மீதும் இதே கணக்குதான். யாரும் மனமுவந்து கொடுக்கும் நன்கொடை இல்லை இது. சட்டம் கேட்டு வாங்கும் பணம். நூலகத்துக்கென்று தனி வரி வாங்கும் ஏற்பாடு இந்தியாவின் பல மாநிலங்களுக்கு இன்றும் கைகூடவில்லை. தமிழ்நாட்டில் அது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது.

அந்த வரி எப்படி வந்தது? எங்கே போகிறது? இந்த நீலகிரி மலைக்கு அதிலிருந்து ஏன் குறைவாகவே கிடைக்கிறது? அதைச் சரிசெய்யச் சட்டத்தில் எதைத் திருத்த வேண்டும்? இந்த நான்கு கேள்விகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

நீலகிரிக்கு நூலகம் புதிதல்ல. உதகையில் 1859ஆம் ஆண்டிலேயே நீலகிரி நூலகம் தோன்றிவிட்டது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்த அதன் செங்கல் கட்டடம் இன்றும் நகரின் அழகான கட்டடங்களில் ஒன்று. ஆனால் அது சந்தா கட்டும் உறுப்பினர்களுக்கான நூலகம். வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் கோடைக்கு மலையேறி வந்தவர்களும் படித்த இடம். அதே காலத்தில் இந்த மலையில் காப்பிச் செடியும் தேயிலைச் செடியும் நட்ட கூலிக்காரரின் பிள்ளைக்கு ஒரு புத்தகம் கிடைக்க வேண்டுமென்றால், அதற்குப் பொதுப்பணத்தில் நடக்கும் பொது நூலகம் வேண்டும். அந்த எண்ணம் சட்டமாக மாற இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

அந்த மாற்றத்துக்கு உழைத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இங்கிலாந்து போனபோது, அங்கே ஊர்தோறும் வரிப்பணத்தில் நடந்த பொது நூலகங்களைக் கண்டார். தொழிலாளியும் குடும்பப் பெண்களும் சிறுவர்களும் கட்டணமில்லாமல் புத்தகம் எடுத்துப் போனார்கள். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1930இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை அவர் முன்வைத்தார். 1931 அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளரின் முயற்சியில், மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகும் நடமாடும் நூலகம் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். மாட்டு வண்டி ஒருபுறம், சட்ட வரைவு மறுபுறம். மக்களிடம் புத்தகத்தைக் கொண்டு போய்க்கொண்டே அரசிடம் சட்டம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாடு விடுதலை பெற்ற பிறகுதான் கதவு திறந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலம். கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், கோயம்புத்தூர்க்காரர். அவர் முன்னின்று கொண்டுவந்ததுதான் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். 1945இல் கோலாப்பூர் சமஸ்தானம் ஒரு நூலகச் சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தினுடையதே. 1950 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் சட்டம் நிறைவேற இருபது ஆண்டுகள்.

சட்டம் மூன்று காரியங்களைச் செய்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. அந்த ஆணைக்குழுவுக்குச் சொந்தமாக ஒரு நூலக நிதியைக் கொடுத்தது. அந்த நிதிக்கு வருமானமாகச் சொத்து வரியின் மீது கூடுதல் வரியை விதித்தது. முதலில் அது ரூபாய்க்கு அரையணா, ஏறக்குறைய 3 காசு. 1972இல் 5 காசானது. 1992இல் 10 காசானது. மக்கள் கேட்டால், சட்டமன்றம் மனம் வைத்தால், இந்தச் சட்டம் திருத்தத்துக்கு உட்பட்டதே என்பதற்கு இந்த இரண்டு உயர்வுகளும் சான்று. இன்று மாநிலம் முழுவதும் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று சுமார் 4,600 நூலகங்கள் நடப்பது இந்த வரியை நம்பித்தான்.

இனி மலையின் கணக்குக்கு வருவோம்.

சட்டத்தின் அமைப்பிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் வசூலாகும் நூலக வரி அந்த மாவட்ட நூலக நிதிக்குப் போகிறது. ஆகவே சொத்து வரி மிகுந்த மாவட்டத்தில் நூலக நிதி மிகும், குறைந்த மாவட்டத்தில் குறையும். அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வணிக வளாகங்களும் தொழிற்சாலைகளும் உள்ள சமவெளி நகரங்களோடு நீலகிரியை ஒப்பிட்டால் வித்தியாசம் தானே விளங்கும். இந்த மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 2,550 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் காடு. காட்டுக்குச் சொத்து வரி கிடையாது. மிச்சத்தில் பெரும்பகுதி தேயிலையும் காய்கறித் தோட்டமும். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 7,35,394. நகராட்சிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான். மலையைக் காப்பதற்காக 1993இல் வந்த மலைப்பகுதிக் கட்டட விதிகள், கட்டடங்களின் உயரத்துக்கும் அளவுக்கும் கட்டுப்பாடு விதித்தன. அந்த விதிகள் மலைக்குத் தேவை, அதில் ஐயமில்லை. காட்டையும் நீரூற்றையும் காப்பதால் பயன்பெறுவது பவானி பாயும் சமவெளியும்தான். ஆனால் கட்டடம் பெருகாத ஊரில் சொத்து வரி பெருகாது; சொத்து வரி பெருகாத ஊரில் நூலக வரியும் பெருகாது. மாநிலத்துக்காக மலை ஏற்றுக்கொண்ட கட்டுப்பாட்டின் விலையை மலையின் நூலகம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

1948 சட்டத்தில் அரசின் பங்கும் எழுதப்பட்டது. சென்னை நகரம் நீங்கலாக மற்ற இடங்களில், வசூலாகும் நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசு தன் பங்காகத் தர வேண்டும் என்றது சட்டம். அந்தக் காலத்தில் அது பெரிய மனதோடு எழுதப்பட்ட விதி. ஆனால் வரிக்குச் சமமாக மானியம் என்றால், குறைவாக வசூலித்த மாவட்டத்துக்கு மானியமும் குறைவாகவே வரும். இல்லாத இடத்தில் இல்லாமை இரட்டிப்பாகும்.

வருமானம் இப்படி என்றால் செலவு எப்படி? மலையில் ஒரு நூலகம் நடத்தச் சமவெளியைவிட அதிகம் தேவை. தென்மேற்குப் பருவமழை தேவாலாவிலும் பந்தலூரிலும் குந்தாவிலும் மாதக்கணக்கில் நிற்காது. வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. ஓதம் ஏறிய சுவரில் சாய்த்த அலமாரியில் புத்தகம் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். கூரைக்கும் சுவருக்கும் அலமாரிக்கும் ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். படுகர் ஹட்டிக்கும் தோடர் மந்துக்கும் தோட்டத்து லைன் வீடுகளுக்கும் இடையே உள்ள தூரம் இன்னொரு செலவு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அந்தி சாய்ந்தால் யானை நடமாட்டம். தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பும் பெண், அதற்குப் பிறகு மூன்று கிலோமீட்டர் நடந்து நூலகம் போய்த் திரும்ப வழியே இல்லை. அவர் இருக்கும் இடத்துக்கு நூலகம் வர வேண்டும்.

தேயிலைத் தோட்டங்களின் நிலையைத் தனியாகவே பேச வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நல்ல பல வசதிகளைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. 150 தொழிலாளர்கள் இருந்தால் கேன்டீன். பெண் தொழிலாளர்கள் ஐம்பது பேர் இருந்தால் குழந்தைக் காப்பகம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் பள்ளி வசதி. வீடு, மருத்துவம், பொழுதுபோக்கு என்று பட்டியல் நீளும். நூலகம் அதில் இல்லை. அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. நூலகச் சட்டமோ உள்ளாட்சியையும் வரியையும் மையமாகக் கொண்டது. லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அதில் வாழ்கிறவர் கையில் தன் பெயரில் வரி ரசீது இருக்காது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் தோட்டத்துப் பிள்ளை நிற்கிறது.

1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபின், இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசே இங்கே தேயிலை நடத் தொடங்கியது. பின்னர் அதுவே டேன்டீ என்ற நிறுவனமானது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அந்தக் குடும்பங்களின் மூன்றாவது, நான்காவது தலைமுறை இன்று கல்லூரிக்கும் போட்டித் தேர்வுக்கும் தயாராகிறது. கூடலூரில் பிரிவு 17 நிலம் என்றாலே எல்லாருக்கும் தெரியும். 1969ஆம் ஆண்டின் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் தொடங்கிய நிலச் சிக்கல் பட்டா இல்லாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இன்றும் காக்க வைத்திருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. ரசீதும் பட்டாவும் இருக்கும் இடத்தில் மட்டும் நூலகம் என்றால், அதிகம் தேவைப்படும் வீடுகள் அத்தனையும் வெளியே நின்றுவிடும்.

திட்டங்கள் போட்டுச் சரிசெய்ய முடியாதா என்று கேட்கலாம். அப்படி ஒரு பெரிய முயற்சி நடந்தது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், மாநிலத்தின் 12,600க்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலும் ஊராட்சிக்கு ஒன்றென நூலகம் அமைக்க அரசு முனைந்தது. நீலகிரியின் 35 ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் வந்தன. இவ்வளவு பரவலாக நூலகக் கட்டடம் எழுப்பும் முயற்சி இந்தியாவில் அரிது. ஆனால் அவை பொது நூலகச் சட்டத்தின்கீழ் வரவில்லை. பொது நூலகத் துறை பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இருக்கிறது. இந்தக் கட்டடங்கள் ஊரக வளர்ச்சித் துறையின் கையில் இருந்தன. பயிற்சி பெற்ற நூலகர் இல்லை, தொடர்ந்து புத்தகம் வாங்க நிலையான நிதி இல்லை. திட்டக் காலம் முடிந்ததும் மாநிலமெங்கும் பல கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. சில இடங்களில் வேறு வேலைக்குப் பயன்பட்டன. கட்டடம் எழுப்பியவர்களின் நோக்கத்தில் குறையில்லை. சட்டத்தில் வேர் பிடிக்காத எந்த நூலகமும் அடுத்த நிதிநிலை அறிக்கையை நம்பித்தான் இருக்க வேண்டும்.

புரவலர்களின் உதவியும் இதே போலத்தான். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலர், ஐயாயிரம் கொடுத்துப் பெரும்புரவலர், பத்தாயிரம் கொடுத்துக் கொடையாளர் என்று சேர்ந்தவர்களின் பெயர்ப் பலகை நூலகங்களில் தொங்குகிறது. அவர்கள் எல்லாரும் நன்றிக்குரியவர்கள். 2022இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில் வீடு தேடிப் புத்தகம் கொண்டு போகும் தன்னார்வலர்களும் அப்படியே. ஆனால் வசதி படைத்தவர் குறைவாக உள்ள ஊரில் புரவலரும் குறைவு. மக்களின் அன்பால் ஒரு நூலகம் செழிக்கும். அது திறந்திருப்பதற்கான பொறுப்பு அரசுடையது.

இந்த மலையிலிருந்து இரண்டு பக்கம் இறங்கினால் இரண்டு மாநிலங்கள். இரண்டிலும் கற்றுக்கொள்ள விஷயம் உண்டு.

தாளூரையோ பாட்டவயலையோ தாண்டினால் கேரளத்தின் வயநாடு. கூடலூர் வட்டாரமே 1877 வரை வயநாட்டோடு சேர்ந்து மலபார் மாவட்டத்தில் இருந்ததுதான். 1948 சட்டம் வந்தபோது மலபாரும் சென்னை மாகாணம். ஆக இரண்டு பகுதிகளும் ஒரே நூலகச் சட்டத்தில் தொடங்கின. கேரளத்தின் தென்பகுதியில் பி.என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை உருவாக்கினார். மக்கள் நடத்திய அந்த இயக்கத்தின் மேல் 1989இல் கேரளம் தன் சட்டத்தை எழுப்பியது. அங்கே நூலக வரி கட்டட வரியில் நூற்றுக்கு ஐந்துதான், தமிழ்நாட்டில் பாதி. ஆனால் மாநிலக் கல்வி நிதி ஒதுக்கீட்டில் நூற்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் நூலகத்துக்குத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். எந்த ஊரில் எவ்வளவு கட்டடம் இருக்கிறது என்பதைச் சாராத நிதி அது. மசினகுடி வழியாகக் கக்கநல்லாவைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 1965ஆம் ஆண்டின் சட்டம் நிலவரி வருவாயிலிருந்தும் நூற்றுக்கு மூன்று பங்கை நூலகத்துக்கு ஒதுக்கச் சொல்கிறது.

இன்னும் தூரம் போகலாம். இங்கிலாந்தில் வில்லியம் யூவார்ட் முயற்சியால் 1850இல் வந்த முதல் நூலகச் சட்டம் பவுண்டுக்கு அரைப்பென்னி வரிக்கு அனுமதி கொடுத்தது. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், புத்தகம் வாங்கக் கூடாது! ஐந்தே ஆண்டில் திருத்தினார்கள்: வரி ஒரு பென்னியானது, புத்தகமும் வாங்கலாமென்றானது. அமெரிக்காவில் 1956இல் நூலகத்துக்கென்று கூட்டாட்சி அரசு போட்ட முதல் நிதியுதவிச் சட்டம், பத்தாயிரத்துக்குக் குறைவான மக்கள் வாழும் சிற்றூர்களுக்கு மட்டுமானது. தங்கள் வரியைக் கொண்டே நூலகம் நடத்த முடிந்த பெருநகரங்களைப் பின்னால் பார்க்கலாம், முதலில் முடியாத ஊர்களைப் பார்ப்போம் என்று தொடங்கினார்கள். நீலகிரி கேட்பதும் இந்த வரிசைதான்.

இந்திய அரசமைப்பில் நூலகம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே தீர்வு டெல்லியில் இல்லை, சென்னையில் இருக்கிறது. கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வசூலித்த வரி ஒழுங்காக வந்து சேர வேண்டும். நூலக வரியை வசூலித்த உள்ளாட்சி அமைப்புகள் அதை ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பது மாநிலம் முழுவதும் உள்ள பழைய நோய். சம்பளத்துக்கும் குடிநீருக்கும் திண்டாடும் நகராட்சி, கையிலிருக்கும் பணத்தைத் தன் செலவுக்கு எடுத்துக்கொள்வது புரிந்துகொள்ளக் கூடியது. அதனால்தான் இதை அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடக் கூடாது. சொத்து வரி கட்டும் அந்த நொடியிலேயே நூலகப் பங்கு தனிக் கணக்குக்குப் போக வேண்டும். வரி இணையம் வழியாகக் கட்டப்படும் காலத்தில் இது கணினியில் ஒரு மாற்றம் மட்டுமே. எந்த உள்ளாட்சி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுவதும் சட்டக் கடமையாக வேண்டும்.

இரண்டாவது, சமநிலை நிதி. கேரளத்தைப் போல மாநிலக் கல்வி ஒதுக்கீட்டில் ஒரு நிலையான பங்கைச் சட்டத்தில் எழுத வேண்டும். அதை மாவட்டங்களுக்குப் பிரிக்கும்போது மக்கள்தொகை, நிலப்பரப்பு, மலை, காடு, பழங்குடி மக்களின் எண்ணிக்கை, வரி வசூலின் வலுவின்மை ஆகிய அனைத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மலைப்பகுதிக் கட்டுப்பாட்டால் வரி இழக்கும் உள்ளாட்சிகளுக்கு அந்த இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும்.

மூன்றாவது, சேவையைச் சட்டக் கடமையாக்குவது. மலை வட்டங்கள் ஒவ்வொன்றிலும் நடமாடும் நூலகம் ஓட வேண்டும். ஊராட்சிகளில் இருக்கும் நூலகக் கட்டடங்களை மாவட்ட ஆணைக்குழுவின்கீழ் கொண்டுவந்து நூலகரை அமர்த்த வேண்டும். தோட்ட நிர்வாகங்கள், டேன்டீ உட்பட, ஓர் அறையையும் மின்சாரத்தையும் கொடுக்க வேண்டும். புத்தகத்தையும் ஆளையும் ஆணைக்குழு கொடுக்கும். பட்டாவோ வரி ரசீதோ உறுப்பினராவதற்குத் தடையாக இருக்கக் கூடாது. மலையாளமும் கன்னடமும் படிக்கிறவர்கள் வாழும் வட்டங்களில் அந்த மொழி நூல்களும், படுகர், பழங்குடி மக்களின் வரலாறும் வழக்காறும் பற்றிய நூல்களும் வாங்குவதற்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.

இவற்றை யார் கேட்பது? 234 பேர் அமரும் சட்டமன்றத்தில் உதகை, குன்னூர், கூடலூர் என்று நீலகிரிக்கு மூன்று இடங்கள். மூன்று குரல் போதாது. ஆனால் வால்பாறை, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை என்று இதே நிலையில் உள்ள ஊர்கள் பல. அங்குள்ள வாசகர் வட்டங்களோடு கடிதத் தொடர்பு தொடங்கினால், பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்தில் பல தொகுதிகளிலிருந்து ஒரே கோரிக்கை எழும். அப்படி எழும் கோரிக்கையைத் துறை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அதற்கு முன் கையில் கணக்கு வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. மாவட்டத்தின் நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் ஒவ்வொன்றிடமும் கடந்த ஐந்தாண்டில் வசூலித்த நூலக வரி எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று கேட்கலாம். ஒவ்வொரு வாசகர் வட்டமும் தன் ஊர் மனுவை எடுத்துக்கொண்டால் மாவட்டத்தின் முழுக் கணக்கும் கைக்கு வரும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நூலக வாரத்தை அடுத்து வருவது ஜனவரி 26, குடியரசு நாள். 35 ஊராட்சிகளிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் வர வேண்டும்: நூலக வரிக்குத் தனிக் கணக்கு, மாநிலச் சமநிலை நிதி, வட்டத்துக்கு ஒரு நடமாடும் நூலகம், ஊராட்சி நூலகத்துக்கு ஒரு நூலகர். தீர்மானத்தின் நகல் மாவட்ட ஆட்சியருக்கும், பொது நூலக இயக்குநருக்கும், பள்ளிக் கல்வி அமைச்சருக்கும், மூன்று சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் போக வேண்டும். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் அந்தக் கூட்டங்களில் எழுந்து பேச வேண்டும். தாங்கள் எந்தப் புத்தகத்தைத் தேடி எத்தனை பேருந்து மாறி உதகை போனார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும். அந்தப் பேச்சும் கிராம சபைக் குறிப்பேட்டில் பதிவாகட்டும்.